பாக்கெட்டில் இருக்கும் போனே அட்டெண்டன்ஸ் போடுமா? புளூடூத் பீக்கன் எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது?

பேர் கூப்பிட்டதும் "ப்ரசன்ட் சார்" சொல்வது, மஸ்டர் ரோலில் கையெழுத்து, கார்டு தேய்ப்பது, கைரேகை வைப்பது என வருகைப்பதிவு பல அவதாரங்களைப் பார்த்துவிட்டது. இந்த வரிசையில், நாம் எதுவுமே செய்யத் தேவையில்லாத முறை ஒன்றும் இருக்கிறது. உள்ளே நடந்து போனால் போதும். பாக்கெட்டில் இருக்கும் போனே 'இவர் வந்துவிட்டார்' என்று பதிவு செய்துவிடும்.

இதற்குப் பின்னால் இருப்பது, சுவரிலோ கூரையிலோ ஒட்டி வைக்கப்படும் தீப்பெட்டி அளவிலான ஒரு சின்னக் கருவி. அதன் பெயர் பீக்கன். கல்லூரி, அலுவலகம், கண்காட்சி, விமான நிலையம் என்று பல இடங்களில் இது பயன்பட்டு வருகிறது.

கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. அங்கே வந்ததாகப் பதிவாவது ஆளா, அல்லது போனா? இந்தப் பதிவை வைத்து ஒரு மாணவரின் மதிப்பெண்ணையோ, ஒரு ஊழியரின் அரை நாள் சம்பளத்தையோ முடிவு செய்யும்போது இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

பீக்கன் என்றால் என்ன?

மெரினா கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது பாட்டுக்கு வெளிச்சத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கடலில் எந்தப் படகு அதைப் பார்க்கிறது, படகில் யார் இருக்கிறார்கள் என்பது விளக்குக்குத் தெரியாது. 'இது மெரினா விளக்கு, கரை இந்தப் பக்கம்' என்று புரிந்துகொள்வது படகில் இருப்பவர்தான்.

பீக்கனும் அப்படித்தான். அது ஒரு குட்டி ரேடியோ. 'புளூடூத் லோ எனர்ஜி' என்ற முறையில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். 2010-ல் வந்த புளூடூத் 4.0-வில் சேர்க்கப்பட்ட முறை இது. மின்சாரச் செலவு மிகக் குறைவு. அதனால் ஒரு பட்டன் பேட்டரியிலேயே மாதக்கணக்கில், செட்டிங்கைப் பொறுத்து வருடக்கணக்கில்கூட ஓடும்.

இதைப் பிரபலமாக்கியது ஆப்பிள். 2013 ஜூனில் 'ஐபீக்கன்' என்ற பெயரில் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் உள்ள தன் கடைகளில் ஆன் செய்தது. 2015-ல் கூகுள் 'எடிஸ்டோன்' என்ற தன் சொந்த வடிவத்தைக் கொண்டுவந்தது.

ஐபீக்கன் சொல்லும் செய்தி ரொம்பச் சின்னது. அதில் முக்கியமாக மூன்று எண்கள். முதலாவது 'யுயுஐடி' என்ற நீளமான எண், இந்தப் பீக்கன் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்று காட்டும். அடுத்த இரண்டும் மேஜர், மைனர். ஒரு பல்கலைக்கழகம் என்றால் மேஜர் எண் கட்டடத்தையும், மைனர் எண் அறையையும் குறிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். இதோடு, ஒரு மீட்டர் தூரத்தில் தன் சிக்னல் எவ்வளவு வலுவாகக் கேட்கும் என்ற அளவும் இருக்கும். அவ்வளவுதான். பெயரோ, இணைய முகவரியோ, 'வணக்கம்' என்ற வார்த்தையோகூட அதில் கிடையாது.

அப்படியானால் செக்-இன் செய்வது யார்? போனில் இருக்கும் ஆப். அந்த எண்களைக் கேட்டதும், '3-வது கட்டடம், 12-ம் நம்பர் அறை' என்று ஆப் புரிந்துகொள்கிறது. உடனே இன்டர்நெட் வழியாக சர்வருக்கு 'இந்தப் போன் இந்த நேரத்தில் இங்கே இருக்கிறது' என்று சொல்கிறது. பதிவு நடப்பது அந்த நொடியில்தான். சுவரில் இருக்கும் பீக்கனுக்கு இதெல்லாம் எதுவுமே தெரியாது.

வகுப்பறைக்கு வந்த கதை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில், பெரிய விரிவுரை அரங்கம் ஒன்றில் ஏழு பீக்கன்கள் வைக்கப்பட்டன. மாணவர்கள் 'ஸ்பாட்டர்எடு' என்ற ஆப்பை போனில் போட்டிருக்க வேண்டும். அரங்கத்துக்குள் வந்தால் வருகைக்கான புள்ளிகள் ஏறும். வராவிட்டால் அதுவும் பதிவாகும். 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகுதான் விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அப்போதே சுமார் 40 கல்வி நிறுவனங்களில் இந்த ஆப் பயன்பாட்டில் இருந்தது.

ஆசிரியர் தரப்புக்கு இதில் நியாயமான காரணம் உண்டு. நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பேர் கூப்பிட்டால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். தாளைச் சுற்றுக்கு விட்டால் ஒருவரே நாலு பேருக்குக் கையெழுத்துப் போடுவார். வகுப்புக்கு வருவது தானாகவே கூடியதாகவும் பேராசிரியர்கள் சொன்னார்கள்.

ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் ஆப் 'ஆப்சென்ட்' காட்டியதாகப் புகார் சொன்ன மாணவர்களும் இருந்தார்கள். இது எப்படி நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, 'பக்கத்தில்' என்ற வார்த்தைக்கு ஒரு போன் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

போனுக்குத் தூரம் தெரியாது, சத்தம்தான் தெரியும்

பீக்கன் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று போன் நேரடியாக அளப்பதில்லை. சிக்னல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று பார்த்து, அதை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது. ஒரு மீட்டரில் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைப் பீக்கனே சொல்லிவிடுவதால், அதைவிடக் குறைவாகக் கேட்டால் 'தள்ளி இருக்கிறது' என்ற கணக்கு. ஐபோனில் இந்த ஊகம் மூன்று நிலைகளில் வரும்: ஒட்டினாற்போல், அருகில், தொலைவில். சரியான மீட்டர் கணக்கைத் தராமல் இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் குறுக்கே ஒரு மனித உடல் வந்தாலே அந்த அளவுக்கோ, அதைவிட அதிகமாகவோ குறைந்துவிடும். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உடலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். போனைக் கையில் வைத்திருப்பவரும், பேன்ட் பின்பாக்கெட்டில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பவரும் ஒரே பெஞ்சில் இருந்தாலும், ஆப்பின் கண்ணுக்கு இரண்டு பேரும் வெவ்வேறு தூரத்தில் இருப்பார்கள்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. செங்கல் சுவர், மரக் கதவு, கண்ணாடி வழியாகவெல்லாம் சிக்னல் வெளியே போகும். அதனால் வராந்தாவில் நின்று டீ குடிக்கிறவருக்கும், பக்கத்து அறையில் இருப்பவருக்கும் 'ப்ரசன்ட்' விழ வாய்ப்பு இருக்கிறது. பல பீக்கன்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தத் தப்பு குறையும். சிரக்யூஸ் அரங்கத்தில் ஒன்றுக்கு ஏழாக வைத்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். குறையுமே தவிர, முழுசாகப் போகாது.

இன்னொரு சிக்கல் போனுக்குள்ளேயே இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்களை போனே நிறுத்திவிடும். ஆப் தூங்கினால் பீக்கன் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. போனில் சார்ஜ் இல்லை என்றாலும் அதே கதிதான். ஆள் வகுப்பிலேயே இருக்கிறார். ஆனால் கணினியைப் பொறுத்தவரை இல்லை.

ஏமாற்ற முடியுமா?

முடியும். அதற்கு மேதாவியாக இருக்க வேண்டியதும் இல்லை.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. போனை நண்பரிடம் கொடுத்து அனுப்புவது. கைரேகை, முகம் போன்ற இன்னொரு சோதனை சேர்க்காதவரை, பீக்கனால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டாவது வழி, பீக்கனையே நகல் எடுப்பது. சாதாரண ஐபீக்கன் அந்த எண்களை எந்தப் பூட்டும் போடாமல் வெளிப்படையாக ஒலிபரப்புகிறது. ஒருமுறை அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எலெக்ட்ரானிக் போர்டில் ஏற்றி வீட்டிலேயே ஒலிபரப்பலாம். வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும் போன், '12-ம் நம்பர் அறைக்கு வந்துவிட்டேன்' என்று நம்பிவிடும்.

இது வெறும் கற்பனை இல்லை. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில், பீக்கன்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். அரங்கம் முழுக்க ஒளித்து வைக்கப்பட்ட பீக்கன்களின் அருகில் போய் ஒவ்வொன்றாக செக்-இன் செய்ய வேண்டும். 'மேக்' பத்திரிகைக்காக எழுதியவர்கள் அந்தப் போட்டிக்கான ஆப்பைப் பிரித்துப் பார்த்து, பீக்கன்களின் எண்களை எடுத்து, லாஸ் வேகாஸ் பக்கமே போகாமல் போட்டியை முடித்துக் காட்டினார்கள்.

இதற்கு மாற்று இருக்கிறது. எண்ணைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றிக்கொண்டே இருக்கும் பீக்கன்கள் வந்துவிட்டன. அந்த மாற்றத்தின் ரகசியம் சர்வருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால், நேற்று குறித்த எண் இன்று செல்லாது. கூகுளும் தன் எடிஸ்டோனில் இந்த வசதியை 2016-ல் சேர்த்தது. ஆனால் ஒரு கல்லூரியோ நிறுவனமோ எந்த வகையை வாங்கிப் பொருத்தியிருக்கிறது என்பது, அதைப் பயன்படுத்தும் மாணவருக்கோ ஊழியருக்கோ பெரும்பாலும் தெரிவதே இல்லை.

அப்படியென்றால் க்யூஆர் கோடு, ஜிபிஎஸ் எல்லாம் மேலா என்றால், அதுவும் இல்லை. ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் தடுமாறும், எந்த மாடி என்று உறுதியாகச் சொல்லாது. க்யூஆர் கோடை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஊருக்கே அட்டெண்டன்ஸ். இவற்றோடு ஒப்பிட்டால் பீக்கன் கொஞ்சம் தேவலாம்.

சிங்கப்பூர் செய்தது என்ன?

இந்தத் தொழில்நுட்பத்தை ஒரு நாடே தினசரி வாழ்க்கையில் பயன்படுத்திய உதாரணம் சிங்கப்பூர். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், 'ட்ரேஸ்டுகெதர்' என்ற ஆப்பை அந்நாட்டு அரசு கொண்டுவந்தது. யார் யார் அருகருகே இருந்தார்கள் என்பதை போன்கள் புளூடூத் வழியாகக் குறித்துக்கொள்ளும். போன் இல்லாத முதியவர்களுக்காக, கழுத்தில் மாட்டிக்கொள்ளக்கூடிய சின்ன டோக்கன் கொடுக்கப்பட்டது. அந்தத் தகவல் 25 நாள் மட்டும் வைத்திருக்கப்படும் என்று சொன்னார்கள்.

2021-ல் கடைகள், மால்கள் வாசலில் 'சேஃப்என்ட்ரி கேட்வே' என்ற பெட்டி வந்தது. போனையோ டோக்கனையோ அதன் அருகில் காட்டினால், புளூடூத் மூலமாகவே செக்-இன் ஆகிவிடும். க்யூஆர் கோடைத் தேடி, கேமராவைத் திறந்து நிற்கும் வேலை இல்லை. கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கும் இது சுலபம்.

சிங்கப்பூர் முறையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. பாக்கெட்டில் இருக்கும் போன் தானாகச் செக்-இன் ஆகவில்லை. ஒருவர் கையை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. 'நான் இப்போது பதிவு செய்கிறேன்' என்று அவருக்கே தெரியும். பதிவாகவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும், மறுபடி காட்டலாம். வகுப்பறைக் கூரையில் ஒளிந்திருக்கும் பீக்கனில் இந்த இரண்டுமே கிடையாது.

தொழில்நுட்பத்தில் பெரிய சர்ச்சை எழவில்லை. வேறு இடத்தில் எழுந்தது. இந்தத் தரவு நோய்த் தொடர்பைக் கண்டறிய மட்டும்தான் என்று மக்களிடம் சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறை இதைக் கேட்டு வாங்கச் சட்டப்படி முடியும் என்று நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே பயன்படுத்தியதும் தெரியவந்தது. அதற்குள் மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் ஆப்பிலோ டோக்கனிலோ சேர்ந்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று பிப்ரவரியில் சட்டம் போட்டு வரம்பு கட்டினார்கள்.

2023 பிப்ரவரியில் திட்டம் முடிவுக்கு வந்தபோது, அந்தக் கொலை வழக்கு தொடர்பான தரவைத் தவிர மற்றவை அழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது.

புளூடூத் ஆனில் இருந்தாலே கண்காணிக்க முடியுமா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் பயம் இது. சாதாரண பீக்கன் விஷயத்தில் இல்லை என்பதுதான் பதில். பீக்கன் பேசுமே தவிர கேட்காது. உங்கள் போனில் அதற்கான ஆப் இல்லையென்றால், நூறு பீக்கன்களைத் தாண்டிப் போனாலும் எங்கேயும் எதுவும் பதிவாகாது.

ஆனால் 'அதற்கான ஆப்' என்பது அட்டெண்டன்ஸ் ஆப் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கடைக் கூப்பன் ஆப்புக்குள்ளும் பீக்கனைக் கேட்கும் நிரல் இருக்கலாம். 2014 அக்டோபரில் நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் பகுதி டெலிபோன் பூத்களில் சுமார் 500 பீக்கன்கள் வைக்கப்பட்டிருப்பதை பஸ்ஃபீட் இணையதளம் வெளியிட்டது. பூத் விளம்பரங்களை நிர்வகித்த நிறுவனம் அவற்றைப் பொருத்தியிருந்தது. மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. செய்தி வந்த அன்றே அவற்றை அகற்ற நகர நிர்வாகம் உத்தரவிட்டது.

ஆப்பே இல்லாமல் ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பீக்கன் வழியாக அறிவிப்பு அனுப்பும் வசதியையும் கூகுள் கொஞ்ச காலம் வைத்திருந்தது. தேவையில்லாத விளம்பரக் குப்பை குவிந்ததால், 2018 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டது.

லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2017-ல் சுமார் 2,000 பீக்கன்கள் வைத்தார்கள். பயணிக்கு வழி காட்டுவதற்கு. அங்கே யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. வழி தேடுகிறவருக்குப் பலன் அவருக்கே கிடைக்கிறது அல்லவா!

உங்கள் போனில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை உள்ள போன்களில், பீக்கனைத் தேடும் ஆப் லொகேஷன் அனுமதி கேட்கும். 'புளூடூத்துக்கு எதற்கு லொகேஷன்?' என்று பலர் குழம்புவது இதனால்தான். பீக்கன் எண் தெரிந்தாலே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும் என்பதால் கூகுள் வைத்த நிபந்தனை அது. 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற தனி அனுமதி வந்திருக்கிறது. ஐபோனில் ஐபீக்கனைக் கேட்க லொகேஷன் அனுமதி வேண்டும்.

இதில் 'எப்போதும்' என்று கொடுப்பதற்கும் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைத் தேர்வு செய்தால், வகுப்பிலோ அலுவலகத்திலோ ஆப்பை நீங்களே திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிட வேலைக்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது ஆப்புக்குத் தெரியாமல் இருக்கும். அட்டெண்டன்ஸ் ஆப் 'எப்போதும்' கேட்டே தீருவேன் என்றால், ஏன் என்று நிர்வாகத்திடம் கேட்பதில் தப்பே இல்லை.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. எதற்காகத் தரவு எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது இதன் பொதுவிதி. ஆனால் வேலை தொடர்பான பயன்பாட்டுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள நிறுவனங்களுக்கு இதே சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊழியர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் கண்காணிக்கச் சட்டம் தடை சொல்கிறது. அதே சமயம் 2025-ல் வந்த விதிகள், கல்விச் செயல்பாடு, மாணவர் பாதுகாப்பு என்ற காரணங்களுக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கின்றன.

வந்தும் ஆப்சென்ட் விழுந்தால்?

முதலில் புளூடூத், லொகேஷன் இரண்டும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டாக இருந்தால், பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கலாம். உட்கார்ந்ததும் போனைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். அறையில் பீக்கன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, 'என்ஆர்எஃப் கனெக்ட்' போன்ற இலவச ஸ்கேனர் ஆப்பை ஓர் ஆண்ட்ராய்டு போனில் திறந்து பார்க்கலாம். ஐபோனில் இத்தகைய ஆப்கள் ஐபீக்கனைக் காட்டாது. பேட்டரி தீர்ந்த பீக்கனை மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் விடுவதும் நடக்கக்கூடியதே. அப்படி என்றால் அந்த அறையில் ஒருவருக்கு மட்டும் இல்லை, எல்லோருக்குமே ஆப்சென்ட் விழுந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், ஆப் திரையை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே ஆசிரியருக்கோ மேலாளருக்கோ மெயில் அனுப்பி வைக்கலாம். மாதக் கடைசியில் கேட்டால், சர்வரில் இருக்கும் பதிவு ஒன்றுதான் கையில் இருக்கும். அது உங்கள் போன் என்ன கேட்டது என்பதை மட்டும்தான் சொல்லும்.